லூடெரிட்ஸில் எல்லாரும் படமெடுக்கும் இடம் ஒன்று, பார்க்க வேண்டிய இடம் வேறு

கீழக்கரை மாலுமி:

நமீபியா என்றாலே நம் ஆட்கள் பகிரும் படம் ஒன்றுதான். வீட்டுக்குள் இடுப்பளவு மணல், உரிந்துபோன நீலச் சுவர், மணலில் புதைந்து பாதி திறந்த நிலையில் நிற்கும் கதவு. அது கோல்மன்ஸ்கோப், கைவிடப்பட்ட வைரச் சுரங்கக் குடியிருப்பு. அங்கிருந்து மேற்கே சுமார் பத்துக் கிலோமீட்டர் போனால் அட்லாண்டிக் கடல். அந்தக் கரையில் லூடெரிட்ஸ் என்று ஒரு ஊர் உயிரோடு இருக்கிறது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை சுமார் 12,500. படம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊரின் பெயர்கூடத் தெரியாது.

துத்தநாகக் கட்டிகள் ஏற்ற எங்கள் கப்பல் அங்கே போயிருக்கிறது. அப்போதிருந்து இந்த ஊரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். துறைமுகத்தில் நின்று பார்த்தால் கரும்பாறை மேல் கூரான கோபுரத்தோடு ஜெர்மன் தேவாலயம். கீழே மஞ்சள், ரோஜா, நீலம் என்று வண்ணம் பூசிய நூறாண்டுப் பழைய வீடுகள். அவற்றுக்குப் பின்னால் மரம் என்று சொல்ல ஒன்றுமில்லாத வெறும் பாறையும் மணலும். கேபின் ஜன்னலை இறுக்கி மூடி வைத்திருந்தும் காலையில் தலையணை மேல் மாவு போல மணல் படிந்திருக்கும். டெக்கில் கட்டிய கயிறுகளில் உப்பும் மணலும் சேர்ந்து பிடித்து, கையில் எடுத்தால் உள்ளங்கை உரியும்.

துறைமுகத்தை ஒட்டியே கடலுக்குள் நீளும் ஒரு பாறைத் திட்டு. முன்பு தனித் தீவு, இப்போது கரையோடு சேர்ந்துவிட்டது. கலங்கரை விளக்கம், கூடாரம் அடிக்க இடம், இறைச்சி சுட அடுப்பு எல்லாம் உண்டு. பெயர் சுறாத்தீவு. 1905 முதல் 1907 வரை ஜெர்மன் காலனி அரசு அந்த நாட்டின் ஹெரேரோ, நாமா இன மக்களை அடைத்து வைத்துச் சாகவிட்ட முகாம் அங்கேதான் இருந்தது. என்னைப் பொறுத்தவரை இந்த ஊரின் வரலாறு அந்தத் திட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கோல்மன்ஸ்கோப்பின் மணல் வீடுகள் அதற்கு அப்புறம் வந்தவை.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்களும் வாருங்கள்.

தாரகை:

அண்ணா, ஒரு அடிப்படைக் கேள்வி. கடலை ஒட்டியே இருக்கிற ஊர் எப்படிப் பாலைவனமாகும்? நம் பக்கம் கடற்கரை ஊர்களில்தானே புயலும் மழையும் கொட்டுகின்றன?

நாஞ்சில் காற்று:

தாரகை, எல்லாம் காற்றின் வேலை. அந்தக் கரை நெடுக ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து பலமாகக் காற்று வீசும். நம் கடற்கரையில் சோழகம் என்று சொல்கிற அதே தென்காற்றுத் திசை. ஆனால் வேகம் வேறு. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் பைக் ஓட்டியவர்களுக்கு அந்த வேகம் ஓரளவு புரியும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை லூடெரிட்ஸில் ஓய்வில்லாமல் அடிக்கும்.

காற்று கரைக்கு இணையாக வடக்கே போகும்போது, பூமியின் சுழற்சியால் மேல்மட்டத்துக் கடல்நீர் கரையைவிட்டு மேற்கே தள்ளப்படுகிறது. காலியான இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. இந்தக் கரையோரக் குளிர் நீரோட்டத்துக்கு பெங்குவேலா என்று பெயர். அது முழுவதிலும் அடிநீர் மேலே வருவது மிகத் தீவிரமாக நடக்கும் இடம் லூடெரிட்ஸ் கடல்தான். கடல் குளிர்ந்திருப்பதால் அதன் மேலுள்ள காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே படுத்துக்கிடக்கிறது. அது மேலே எழும்பினால்தானே மழை மேகம் உருவாகும்? அதனால் வருவது மூடுபனி மட்டும். ஆண்டு மழை இருபது மில்லிமீட்டர் அளவுக்குத்தான். பாலைவனம் என்றாலும் அங்கே வெயில் வாட்டாது. நடுக்கோடையிலும் ஸ்வெட்டர் தேவைப்படும்.

அதே அடிநீர்தான் சத்துக்களைக் கொண்டுவருகிறது. மிதவை உயிரிகள் பெருகுகின்றன, அவற்றைத் தின்னச் சாளையும் நெத்திலியும், அவற்றைத் தின்னப் பறவைகளும் கடல்நாய்களும் கூடுகின்றன. கரையில் புல் முளைக்காது, கடலிலோ உலகத்திலேயே வளமான மீன்வளங்களில் ஒன்று. இந்த இரண்டையும் செய்வது ஒரே காற்று. என் அபிப்பிராயத்தில் லூடெரிட்ஸின் குணத்தை அந்தக் காற்றை வைத்துத்தான் பேச வேண்டும்.

பாறைக்கண்:

நாஞ்சில் அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். அங்கே வைரம் வந்ததற்கும் காற்றுக்கும் தொடர்பு உண்டு. நான் நிலவியல் படித்தவன், என் ஆர்வம் இதில்தான்.

வைரம் பிறந்த இடம் அந்தக் கரை கிடையாது. பல நூறு கிலோமீட்டர் கிழக்கே தென்னாப்பிரிக்காவின் உட்பகுதியில் இருக்கும் எரிமலைக் குழாய்ப் பாறைகளில் உண்டாகி, அந்தப் பாறைகள் அரிபட்டு, ஆரஞ்சு ஆற்றின் வழியாகக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கடலுக்கு வந்து சேர்ந்தவை. ஆற்று முகத்தில் விழுந்த கற்களை அலை வடக்கு நோக்கி நகர்த்திக்கொண்டே போனது, ஏனென்றால் தென்காற்று எழுப்பும் அலைகள் கரையில் சாய்வாக மோதுகின்றன. விரிசல் உள்ள கல் எல்லாம் வழியிலேயே நொறுங்கிவிடும். கரையில் மிஞ்சியவற்றில் பத்தில் ஒன்பதுக்கு மேல் நகைக்கு ஏற்ற தரமான கற்களாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆற்று முகத்துக்கு அருகே பெரிய கற்கள், வடக்கே போகப் போகச் சிறியவை. லூடெரிட்ஸுக்குத் தெற்கே சில இடங்களில் காற்று லேசான மணலை அள்ளிக்கொண்டு போய்விட, கனமான வைரம் பள்ளத்தாக்குத் தரையிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் ஆரம்ப நாட்களில் தொழிலாளர்களை வரிசையாக மண்டியிட்டு, தவழ்ந்தபடியே கையால் பொறுக்க வைக்க முடிந்தது. தோண்டவே தேவையில்லை.

கோல்மன்ஸ்கோப் 1912 வாக்கில் ஆண்டுக்குப் பத்து லட்சம் காரட் அளவுக்கு எடுத்தது. உச்சத்தில் சுமார் 300 ஜெர்மானியர்கள், 40 குழந்தைகள், ஒப்பந்தக் கூலிகளாக 800 ஓவாம்போ இனத் தொழிலாளர்கள். ஐஸ் தொழிற்சாலை, நாடக அரங்கு, பந்துருட்டும் கூடம், கடல்நீர் நிரப்பிய நீச்சல் குளம், எக்ஸ்ரே கருவி வைத்த மருத்துவமனை. எலும்பு முறிவைப் பார்ப்பதோடு, தொழிலாளி வைரத்தை விழுங்கியிருக்கிறானா என்று பார்க்கவும் அந்த எக்ஸ்ரே பயன்பட்டது. 1928 இல் தெற்கே ஆரஞ்சு ஆற்று முகத்தருகே இதைவிடப் பெரிய கற்கள் கிடைத்ததும் ஆட்கள் அங்கே நகர்ந்தார்கள். 1956 இல் கடைசிக் குடும்பமும் போய்விட்டது. அதற்கப்புறம் ஜன்னல் வழியாக மணல் வந்தது.

கோமதி டீச்சர்:

மாலுமித் தம்பி தொடங்கச் சொன்ன இடத்திலிருந்து தொடங்குகிறேன். சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பியர்களில் முதலில் வந்தவர் போர்த்துக்கீசிய மாலுமி பார்த்தொலொமேயு தியாஸ், 1487 இல். திரும்பும் வழியில் 1488 இல் கரையோர முனையில் கல் சிலுவை நட்டுவிட்டுப் போனார். அப்புறம் நீண்ட காலம் யாருக்கும் அந்த இடத்தில் அக்கறை இல்லை. நாமா மக்கள் உட்பகுதியிலிருந்து கடற்கரைக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

1883 இல் பிரேமன் நகரப் புகையிலை வியாபாரி அடோல்ஃப் லூடெரிட்ஸ் தன் ஆள் ஹைன்ரிஹ் ஃபோகெல்சாங்கை அனுப்பினார். பெத்தானி நாமாக்களின் தலைவர் யோசப் ஃபிரடெரிக்ஸிடம் முதலில் வளைகுடாவைச் சுற்றி ஐந்து மைல் நிலம், விலை 100 பவுனும் 200 துப்பாக்கியும். சில மாதங்களில் இரண்டாவது ஒப்பந்தம்: ஆரஞ்சு ஆற்றிலிருந்து 26 ஆவது அட்சக்கோடு வரை, கடலிலிருந்து உள்ளே இருபது மைல் அகலம். தலைவருக்குத் தெரிந்தது 1.6 கிலோமீட்டர் ஆங்கில மைல். காகிதத்தில் எழுதியதோ 7.4 கிலோமீட்டர் ஜெர்மன் மைல். 32 கிலோமீட்டர் கொடுக்கிறோம் என்று நினைத்தவரிடமிருந்து ஏறக்குறைய 148 கிலோமீட்டர் பறிபோனது. அவர் ஆங்கில மைல் என்றே நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று லூடெரிட்ஸ் தன் ஆளுக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். 1884 இல் ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் பாதுகாப்பு அறிவித்து, அங்கே ஜெர்மன் கொடி ஏறியது. லூடெரிட்ஸ் கடனில் மூழ்கி நிலத்தை ஒரு கம்பெனிக்கு விற்றார். 1886 இல் ஆரஞ்சு ஆற்று முகத்துப் பக்கம் படகில் போனவர் காணாமல்போனார். ஊருக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது.

1904 இல் ஹெரேரோ மக்களும் பின்னாலேயே நாமா மக்களும் ஜெர்மன் ஆட்சிக்கு எதிராக எழுந்தார்கள். ஜெர்மன் படையின் ஜெனரல் ஃபொன் த்ரோதா அந்த அக்டோபரில் ஹெரேரோ மக்களை அழித்தொழிக்க எழுத்திலேயே ஆணையிட்டார். பிடிபட்டவர்களையும் சரணடைந்தவர்களையும் முகாம்களில் போட்டார்கள். அவற்றில் ஆகக் கொடியது சுறாத்தீவு. உள்நாட்டின் வறண்ட சூட்டில் வாழ்ந்தவர்களைப் பனிமூட்டமும் குளிர்காற்றும் அடிக்கிற வெறும் பாறையில் கந்தல் கூடாரங்களில் வைத்தார்கள். தீவைத் தகர்த்துச் சமப்படுத்தவும் துறைமுகம் கட்டவும் அவர்களையே வேலை வாங்கினார்கள். 1906 செப்டம்பர் முதல் சுமார் ஏழு மாதத்தில் அங்கிருந்த 1,795 பேரில் 1,032 பேர் இறந்தார்கள். இது ராணுவத்தின் சொந்தக் கணக்கு. நாமா தலைவர் கொர்னேலியஸ் ஃபிரடெரிக்ஸ் 1907 பிப்ரவரியில் அங்கேயே இறந்தார். இறந்தவர்களின் தலைகளைப் பெர்லினுக்கு ஆராய்ச்சி என்று அனுப்பினார்கள். அனுப்புவதற்கு முன் அவற்றைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுத்தம் செய்யும் வேலை, கைதிகளாக இருந்த பெண்கள் தலையில் விழுந்தது. அந்த மண்டையோடுகளில் ஒரு பகுதி 2011 இல்தான் ஊர் திரும்பத் தொடங்கியது.

இப்போது பாறைக்கண் சொன்ன வைரத்துக்கு வருகிறேன். லூடெரிட்ஸிலிருந்து உள்ளே போகும் ரயில் பாதையைப் போட்டதும் முகாம் கைதிகள்தான். 1906 தொடக்கம் முதல் 1907 நடு வரை அந்த வேலையில் 2,014 கைதிகள், இறந்தவர்கள் 1,359. பாதை போட்டால் போதாது, தினமும் மணலை வாரிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி 1908 ஏப்ரலில் மணல் வாரிக்கொண்டிருந்தவர் சகரியாஸ் லெவாலா. ஏற்கெனவே தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி வைரச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் என்பதால் கையில் பட்ட கல் எது என்று உடனே தெரிந்துகொண்டார். அதைத் தன் மேற்பார்வையாளர் ஆகஸ்ட் ஷ்டாவ்ஹிடம் கொடுத்தார். ஷ்டாவ்ஹ் கோடீஸ்வரரானார். லெவாலாவுக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. அந்தத் தண்டவாளம் இல்லாமல் அந்த வைரம் கண்ணில் பட்டிருக்காது. அதைப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் அதற்குள் இறந்திருந்தார்கள்.

தேவாலயம் 1912, கோர்கே மாளிகை 1910, ரயில் நிலையம் 1914. நாம் ரசிக்கிற கட்டடங்களின் ஆண்டுகள் இவை. எல்லாம் 1908 க்குப் பின்.

தாரகை:

டீச்சர், படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கோல்மன்ஸ்கோப் படம் ஒன்றை என் கணினித் திரையில் வைத்திருந்தேன். தண்டவாளத்தின் கதை அந்தப் படத்தின் கீழ் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

சேது:

கோமதி அக்கா சொன்னதில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் மாலுமி அண்ணனின் தொடக்க வாதத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு ஊரை அதன் மிகக் கொடிய இரண்டு ஆண்டுகளை வைத்து மட்டும் பார்த்தால், இன்று அங்கே மீன் ஆலையில் நின்று வேலை பார்க்கிறவன் எங்கே போவான்? பெரும்பாலான குடும்பங்கள் விடுதலைக்குப் பின் 1990 களில் வடக்கிலிருந்து பிழைக்க வந்தவை. பறவை எச்சம், வைரம், சிங்கி இறால் என்று எடுத்ததெல்லாம் தீர்ந்துபோன கதைதான் அந்த ஊருக்கு. மீனை விட்டால், கோல்மன்ஸ்கோப் பார்க்க வரும் பயணிகள்தான் ஊருக்கு நிலையாக வரும் வருமானம். அவர்களிடம் தவறான இடத்தைப் பார்க்கிறீர்கள் என்று சொல்வதால் யாருக்கு லாபம்?

வின்ட்ஹூக் வாசி:

வணக்கம். இந்த நாட்டில் வேலை பார்க்கிறேன், லூடெரிட்ஸுக்கு அவ்வப்போது போய்வருவேன். இந்த வாதத்தை இங்கே உள்ளவர்களும் இதே சூட்டோடு பேசுகிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

தலைநகர் வின்ட்ஹூக்கிலிருந்து லூடெரிட்ஸ் கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். கடைசி 120 கிலோமீட்டர் ஆஉஸ் என்ற சிற்றூரிலிருந்து நேர்ச்சாலை. இருபுறமும் நீண்ட காலம் தடைசெய்யப்பட்ட பகுதி. 1908 செப்டம்பரில் ஜெர்மன் அரசு ஆரஞ்சு ஆற்றிலிருந்து 26 ஆவது அட்சக்கோடு வரை, உள்ளே நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு, அனுமதியில்லாமல் யாரும் கால் வைக்கக் கூடாது என்று மூடிவிட்டது. டீச்சர் சொன்ன இரண்டாவது ஒப்பந்தத்தின் எல்லைக்குள்ளேயே வருகிறது, பாருங்கள். ஊர் அதன் நடுவில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் பண்ணை கிடையாது, கிராமம் கிடையாது. குடிநீர் ஒரு காலத்தில் கேப்டவுனிலிருந்து கப்பலில் வந்தது, இப்போது பாலைவனத்துக்குள் கோய்ஹாப் பகுதியின் பழைய நிலத்தடி நீரைக் குழாயில் கொண்டுவருகிறார்கள். 2008 இல் அந்தத் தடைப் பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அனுமதிச்சீட்டு முறை இன்னும் உண்டு.

ஊர் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே வரலாறு தெரியும். ஜெர்மன் கட்டடங்கள் துறைமுகத்தை ஒட்டிய பாறைகளில். கருப்பின, கலப்பின மக்கள் குடியிருந்த, இன்றும் பெரும்பாலும் குடியிருக்கிற பெங்குவேலா, நாட்டிலஸ் பகுதிகள் தள்ளி. மீன் ஆலை விட்டதும் பெண்கள் வெள்ளை ரப்பர் பூட்ஸோடு, தலையில் வலைத்தொப்பியைக்கூடக் கழற்றாமல், காற்றுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தப் பக்கம் நடப்பார்கள். மணல் கன்னத்தில் அடிக்கும். நேராக நடக்க முடியாது, ஒரு தோளை முன்னால் கொடுத்துச் சாய்ந்துதான் நடக்க வேண்டும். சேது சொல்வது போல அவர்கள்தான் இன்றைய ஊர், அதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆனால் சேது, சுறாத்தீவை மறக்காதே என்று கேட்பவர்கள் பயணிகள் இல்லை. நாமா, ஹெரேரோ வம்சாவளியினர். அவர்கள் தாத்தா பாட்டிகள் செத்த இடத்தில் விடுமுறைக்கு வந்தவர்கள் கூடாரமடித்து இறைச்சி சுடுகிறார்கள். கொர்னேலியஸ் ஃபிரடெரிக்ஸுக்கு அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதே திட்டில் அடோல்ஃப் லூடெரிட்ஸுக்கும் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது.

சேது:

இரண்டும் ஒரே இடத்திலா? இது எனக்குப் புதிய செய்தி. கூடாரம் அடிப்பதை நிறுத்த வேண்டும் என்பதில் நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனாலும் கேட்கிறேன், ஜெர்மனி 2021 இல் இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டு 110 கோடி யூரோ தருவதாகச் சொன்னதே. அந்தப் பணம் இந்த ஊர்களுக்கு வந்தால் போதாதா?

கோமதி டீச்சர்:

சேது, அந்தக் கூட்டறிக்கையில் பணத்தை 30 ஆண்டுகளுக்கான வளர்ச்சி உதவி என்றே எழுதினார்கள். இழப்பீடு என்று எழுதவில்லை. பேச்சு நடந்தது இரண்டு அரசுகளுக்கு இடையில். பாதிக்கப்பட்ட சமூகங்களின் முக்கிய அமைப்புகள் தங்களை மேசையில் உட்காரவே விடவில்லை என்று நிராகரித்துவிட்டன. ஹெரேரோ மக்களில் சுமார் 80 சதவீதமும் நாமா மக்களில் பாதியும் அழிந்தார்கள் என்பது 1985 இல் ஐ.நா. அறிக்கையொன்றில் வந்த மதிப்பீடு. அந்த அளவு இழப்புக்கு யார் யாரோடு பேசுவது என்பதே முதல் கேள்வி. நமீபியா 2025 மே 28 அன்று முதல் முறையாக இனப்படுகொலை நினைவு நாள் கடைப்பிடித்தது. 1907 இல் முகாம்களை மூட ஆணை வந்த தேதி அது.

நாஞ்சில் காற்று:

சேது "பறவை எச்சம்" என்று ஒரு வார்த்தையில் கடந்துவிட்டார். அது தனிக் கதை, இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

லூடெரிட்ஸுக்கு வடக்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் இச்சாபோ என்ற குட்டித் தீவு. மழையே இல்லாததால் கடற்பறவைகளின் எச்சம் கரையாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறுகி, ஏழு மீட்டர் உயரத்துக்கும் மேல் படிந்திருந்தது. ஐரோப்பிய வயல்களுக்கு அது அருமையான உரம். 1843 இல் தோண்டத் தொடங்கினார்கள். உச்சத்தில் நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் அந்தச் சின்னத் தீவைச் சுற்றி நங்கூரமிட்டு நின்றன. இரண்டே ஆண்டில் பாறை தெரியும்வரை சுரண்டிவிட்டார்கள். அப்புறம் பிரிட்டிஷார் அந்தக் கரையோரத் தீவுகளைத் தங்களுடையவை என்று அறிவித்து வைத்துக்கொண்டார்கள். அதனால் ஒரு விசித்திரம். கரை ஜெர்மனியிடம், கண்ணெதிரே தெரியும் தீவுகள் பிரிட்டிஷாரிடம். நமீபியா 1990 இல் விடுதலை பெற்றும், பிரிட்டிஷாருக்குப் பின் தென்னாப்பிரிக்கா வைத்திருந்த அந்தத் தீவுகள் 1994 மார்ச்சில்தான் கைக்கு வந்தன.

பென்குயின்கள் அந்த எச்சப் படிவத்தைக் குடைந்து அதற்குள்தான் முட்டையிடும். அதைச் சுரண்டியபின் வெறும் பாறையில் வெயிலிலும் கடற்காகங்களின் கண்ணெதிரிலும் முட்டையிட வேண்டியதாயிற்று. 1960 களின் கடைசியில் சாளை மீனை ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வாரி எடுத்து அதையும் ஒழித்தார்கள். வீடும் போய் உணவும் போய், ஆப்பிரிக்கப் பென்குயின் 2024 இல் மிக ஆபத்தான அழிவு நிலைப் பட்டியலுக்குப் போய்விட்டது. தியாஸ் சிலுவை நட்ட முனைக்கு எதிரே ஹாலிஃபாக்ஸ் தீவில் இன்னும் கொஞ்சம் இருக்கின்றன, அந்த முனையிலிருந்து தொலைநோக்கியில் பார்க்கலாம்.

கீழக்கரை மாலுமி:

நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1533 இல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய போம் ஜேசுஸ் என்ற கப்பல் வழியில் காணாமல்போனது. 2008 இல் லூடெரிட்ஸுக்குத் தெற்கே ஒரான்யமுண்ட் பகுதியில், வைரத்துக்காகக் கடலைத் தடுத்து மணல் அணை கட்டித் தோண்டியபோது அடித்தரையில் ஒரு கப்பல் கிடைத்தது. அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஜெர்மன் வணிகக் குடும்பமான ஃபுகர்களின் முத்திரை குத்திய செம்புக் கட்டிகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தங்க நாணயங்கள், யானைத் தந்தங்கள். நம் மேற்குக் கரைக்கு மிளகு வாங்க வந்துகொண்டிருந்த செம்பு அது. கரைக்கு யாரும் வரக் கூடாது என்ற தடை இருந்ததால்தான் நாணயங்கள் கொள்ளை போகாமல் கிடைத்தன. அந்தக் கரையில் மோதிய கப்பலில் உயிர் பிழைத்திருந்தாலும் குடிக்கத் தண்ணீர் தேடி எத்தனை தூரம் நடந்திருப்பார்கள் என்று, அந்தக் கடலில் போனவன் என்ற முறையில், அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பாறைக்கண்:

இனி வரப்போவதைப் பற்றியும் பேச வேண்டும். 2022 இல் லூடெரிட்ஸுக்குத் தெற்கே, நமீபியாவின் தென்கோடி ஆழ்கடலில் இரண்டு பெரிய எண்ணெய்க் கண்டுபிடிப்புகள், கிராஃப், வீனஸ் என்று. அதோடு பச்சை ஹைட்ரஜன், அதாவது காற்று, வெயில் மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து எடுக்கும் ஹைட்ரஜன். ஹைஃபன் என்ற நிறுவனம் தேசியப் பூங்காவுக்குள் சுமார் 4,000 சதுரக் கிலோமீட்டரில் காற்றாலையும் சூரியத் தகடும் வைத்து, கடல்நீரைச் சுத்தம் செய்து பிளந்து, அமோனியாவாக்கி ஏற்றுமதி செய்யத் திட்டம். மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். வாங்குவதாக இருந்த ஒரு பெரிய ஜெர்மன் மின் நிறுவனம் 2025 இல் விலகிக்கொண்டது. நமீபியாவின் ஆண்டு வருமானத்தோடு ஒப்பிட்டால் இந்தத் திட்டம் சின்ன விஷயமில்லை.

சேது:

இதைத்தான் நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். இவ்வளவு காலம் ஊரைத் துன்புறுத்திய காற்றே சோறு போடப் போகிறது என்றால் அதை ஏன் எதிர்க்க வேண்டும்?

வின்ட்ஹூக் வாசி:

யாரும் காற்றை எதிர்க்கவில்லை, சேது. இரண்டு இடத்தில் பிரச்சினை. ஒன்று அந்தப் பூங்கா. நூறாண்டு மூடிக்கிடந்ததால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் அங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன, பல வகைகள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. இரண்டு துறைமுகம். இப்போதைய துறைமுகத்தில் ஆழம் குறைவு, பெரிய கப்பல் வராது, விரிவுபடுத்த வேண்டும். அதில் ஒரு யோசனை சுறாத்தீவுப் பக்கமாகவே விரிவுபடுத்துவது. முகாமில் இறந்தவர்களை அலை ஏறி இறங்கும் மணலிலும் தண்ணீரிலும் போட்டார்கள். அந்தக் கடலடியைத்தான் தூர்வார வேண்டியிருக்கும். வம்சாவளியினர் எதிர்ப்பது அதைத்தான்.

ஊருக்குத் தள்ளிப் புதிய இடத்தில் துறைமுகம் கட்டலாம் என்ற யோசனையும் உண்டு. செலவு கூடும். ஆனால் ஆயிரம் கோடி டாலர் போடுகிறவர்களால் அந்தச் செலவையும் போட முடியும் என்பது என் கருத்து. வாங்குகிற நாடு ஜெர்மனியாக இருந்தால் இன்னும் அதிகமாகவே கேட்கலாம்.

சேது:

சரி, இதை ஏற்றுக்கொள்கிறேன். வேலையும் வேண்டும், துறைமுகம் வேறு இடத்திலும் வேண்டும். மீன் ஆலைக்காரர்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள் என்று நினைக்கிறேன்.

தாரகை:

ஊர்ப் பெயரையே மாற்றப் பேச்சு வந்ததாகப் படித்தேனே?

வின்ட்ஹூக் வாசி:

2013 இல் வந்தது. தொகுதிக்கு நாமா மொழிப் பெயர் வைத்தார்கள், ஊர்ப் பெயர் அப்படியே நிற்கிறது. எதிர்த்தவர்களில் ஜெர்மன் வம்சத்தினர் மட்டுமல்ல, கடைக்காரர்களும் பயணத் தொழிலில் இருப்பவர்களும் நிறையப் பேர். எனக்குப் பெயர் மாற்றத்தைவிட அந்த நினைவுச் சின்னங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதுதான் அவசரமான விஷயம்.

வேம்பார்க்காரன்:

இழை முழுவதும் படித்தேன், டீச்சருக்கு நன்றி. வருகிற டிசம்பரில் தென்னாப்பிரிக்காவிலிருந்து காரில் அந்தப் பக்கம் போகிறோம். எப்படிப் பார்ப்பது?

வின்ட்ஹூக் வாசி:

ஆஉஸிலேயே டீசல் நிரப்பிக்கொள்ளுங்கள். டிசம்பரில் மதியத்துக்கு மேல் காற்று உச்சத்தில் இருக்கும், சாலையிலேயே மணல்மேடு ஏறிவிடும். இயந்திரம் வைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், இருட்டியபின் ஓட்ட வேண்டாம். வழியில் காருப் என்ற இடத்தில் காட்டுக் குதிரைகள் தண்ணீர் குடிக்க வரும், நின்று பாருங்கள்.

கோல்மன்ஸ்கோப்புக்குச் சாதாரணச் சீட்டில் காலையில்தான் வழிகாட்டியோடு சுற்றலாம். விடியற்காலையில் படமெடுக்கத் தனிச்சீட்டு வாங்க வேண்டும். வழிகாட்டி தானாகச் சொல்லாவிட்டால் லெவாலாவைப் பற்றியும் ஓவாம்போ தொழிலாளர்கள் எங்கே படுத்தார்கள் என்றும் கேளுங்கள். பாறைமேல் தேவாலயம் மாலையில் சற்று நேரம்தான் திறந்திருக்கும். பலிபீட ஜன்னல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் கொடுத்தது, மேற்கு வெயிலில் நன்றாகத் தெரியும்.

சுறாத்தீவுக்கு நடந்தே போய்விடலாம். தங்குவதற்கு ஊருக்குள் நல்ல விடுதிகள் இருக்கின்றன, அங்கே தங்குங்கள்.